சேர வேண்டிய பெண்

எட்டு மாத உழைப்பு, நினைத்ததைப் போல் இரண்டு மடங்கு செலவு. ஒருவழியாக அந்த மென்பொருள் ஓடத் தொடங்கியிருந்தது. வேலையில் புதிதாகச் சேருபவருக்கு மின்னஞ்சல், கடவுச்சொல், கதவைத் திறக்கும் அட்டை எல்லாவற்றையும் இனி அதுவே பார்த்துக்கொள்ளும்.

அதன் வழியாகச் சேரும் முதல் பெண்ணை, அதை உருவாக்கிய அதிகாரி காலையிலிருந்து எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். மணி பதினொன்று. ஆளைக் காணோம்.

"இருபது மெசேஜ் போயிருக்கு. ஒண்ணுக்காவது பதில் போட்டாளா பாருங்க! முதல் நாளே டிமிக்கி" என்று பக்கத்து மேசைக்காரரிடம் பொரிந்தாள்.

அப்போது அந்தப் பெண்ணின் அப்பா என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தார். கையில் மகளின் செல்போன்.

"வாங்க சார். பொண்ணு எங்க? சீட்டெல்லாம் ரெடியா இருக்கே."

"மூணாவது மாடி, ஜன்னலோரம். இதுல வந்துச்சும்மா" என்று போனைக் காட்டினார். "இதைக் கொஞ்சம் நிறுத்த முடியுமா? போன் அடிக்கும்போதெல்லாம் அவங்கம்மா அவளை எழுப்ப ரூமுக்கு ஓடறா."

"எழுப்ப வேண்டியதுதானே சார்?"

"காய்ச்சல்னு படுத்தவம்மா. வியாழக்கிழமை அடக்கம் பண்ணிட்டோம்."

அதிகாரி கணினியில் அந்தப் பெண்ணின் பெயரை நீக்கப் போனாள். இறந்தவர் என்று குறிக்க அதில் அவள் இடமே வைத்திருக்கவில்லை. வேறு வழியில்லாமல் 'விலகினார்' என்பதை அழுத்தினாள்.

உடனே அவர் கையிலிருந்த போன் ஒலித்தது. விலகுகிறவர்களுக்கு மென்பொருள் தானாகவே அனுப்பும் கேள்வி. அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்.

"எங்களை விட்டு ஏன் போனீர்கள்?"

பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"இதையேதாம்மா அவங்கம்மாவும் கேட்டுக்கிட்டு இருக்கா."