என் திரையை மாற்றியது யார்?

வாயாடிக்கு நடந்தது அநியாயம். அதில் சந்தேகமே வேண்டாம்.

அவள் பார்த்துப் பார்த்துச் சிங்காரித்து வைத்திருந்த கணினித் திரையை, ஒரே காலைப்பொழுதில் யாரோ மொட்டையடித்துவிட்டார்கள்.

ஊதாப் பூக்கள் இல்லை. கண்ணாடி போல மின்னிய ஓரங்கள் இல்லை. அம்புக்குறிக்குப் பதிலாகச் சிறகடித்து வந்த பட்டாம்பூச்சி இல்லை. அழுது வடியும் சாம்பல் நிறத்தின் நடுவே, ஒரு கறுப்பு ஜன்னலில் எண்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

"அண்ணே! என் திரையை மாத்தினது யாரு?"

ஆய்வுக்கூட உதவியாளர் தலையைத் தூக்கவில்லை. "உன் திரையா? மழையைக் கணிக்கிற உங்க ஆராய்ச்சிக் கணக்கு ஓடுறதுக்குத் துறைக்கே இந்த ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர்தான் இருக்கு. எப்பம்மா உன் பேருக்கு எழுதி வச்சாங்க?"

"பொதுச் சொத்துன்னா யாரு வேணா கை வைக்கலாமா?"

"அதுல நீ பட்டாம்பூச்சி விடலாம்னா, இன்னொருத்தர் அதைப் பறக்க விடலாம்தானே?"

"பேச்சை மாத்தாதீங்கண்ணே. யாரு?"

"காலையில அந்தப் பொண்ணுதான் உக்காந்திருந்துச்சு. 'கணக்கு ஓடுது, மத்தியானம் வரைக்கும் யாரும் தொட வேணாம்'னு சொல்லிட்டு வகுப்பெடுக்கப் போயிடுச்சு."

அந்தப் பொண்ணு என்றால் அமுக்குணி. வேறு யார்?

இருவரும் ஒரே மேடத்திடம் ஆராய்ச்சி செய்பவர்கள். ஒருத்தி வாயைத் திறந்தால் மூடமாட்டாள். இன்னொருத்தி திறக்கவே மாட்டாள். மேடத்துக்குத் திறக்காத வாய்தான் பிடிக்கும். அமுக்குணி தும்மினால்கூட, "எவ்வளவு அடக்கமா தும்முறா பாரு!" என்பார். அந்தத் தும்மலைக் கேட்டாலே வாயாடிக்கு வயிறு எரியும்.

மாநாட்டுக்கு இந்த முறை ஒருத்தியைத்தான் அனுப்ப முடியும். இன்று சாயங்காலத்துக்குள் இருவரும் முடிவுகளைக் கொடுத்தாக வேண்டும். வாயாடியின் கணக்கோ, ஒவ்வொரு தடவையும் பாதியிலேயே உறைந்து நின்றது. நேற்று மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதே விட்டாள். கடைசியாக ஒரு முறை ஓட்டிப் பார்க்கலாம் என்று வந்தால், மத்தியானம் வரை இடம் பிடித்து வைத்திருக்கிறாள் மகராசி.

"பாத்தீங்களாண்ணே? தன்னோடது ஓடணும்னு என்னோடதை வழிச்செறிஞ்சிருக்கா. இதையே நான் செஞ்சிருந்தா மேடம் சும்மா விடுவாங்களா?"

"வந்ததும் அதுகிட்டயே கேளேன்."

"கேப்பேன். அதுக்கு முன்னாடி என்னோடதை நான் திரும்ப வச்சுக்குறேன். ஓடுறதை நான் தொடல, நீங்களே சாட்சி."

சாட்சி அதற்குள் அடுத்த அறைக்குப் போயிருந்தார்.

அமைப்புகளைத் திறந்து ஒவ்வொன்றாகச் சொடுக்கினாள். பூ வந்தது. மினுமினுப்பு வந்தது. பட்டாம்பூச்சி சிறகடித்தது. கடைசியாக ஒரு வரியில் கண் நின்றது. 'தூக்க நிலை: ஒருபோதும் வேண்டாம்.'

முன்பு அது பத்து நிமிடமாக இருந்தது. கணக்கு ஓடும்போதெல்லாம் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து சுட்டியை அசைத்துக்கொண்டிருப்பாள்.

இந்தக் கிழம் ஒரு தடவை தூங்கினால் தானாக எழாது. அணைத்துத்தான் எழுப்ப வேண்டும். ஓடிக்கொண்டிருந்தது அத்தோடு போச்சு. ஆய்வுக்கூடத்தில் இது தெரியாதவர் இல்லை.

அவள் விரல் கொஞ்சம் தயங்கியது.

'முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படித்தானே வைக்கிறேன்?' என்று தனக்குத்தானே வாதாடி, தனக்குத்தானே தீர்ப்பும் சொல்லி, பத்து நிமிடத்தைச் சொடுக்கிவிட்டு டீ குடிக்கப் போனாள்.

அன்றைக்கு டீ ரொம்பவே இனித்தது.

திரும்பி வந்தபோது திரை இருண்டு கிடந்தது. சாக்பீஸ் தூள் படிந்த விரல்களால் அமுக்குணி விசைப்பலகையைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ பாவம், தூங்கிடுச்சா?" வாயாடியின் குரலில் தேன் ஒழுகியது. "சாயங்காலத்துக்குள்ள எப்படிடீ முடிப்ப?"

"யாருடீ இதைத் தொட்டது?"

"நல்லா இருக்கே! அதைத்தான் காலையிலேர்ந்து நானும் கேக்குறேன். என் திரையை மாத்தினது யாரு? வாயைத் திறந்து பதில் சொல்லு!"

அமுக்குணி திறந்தாள்.

"நான்தான். உன் பூவும் பட்டாம்பூச்சியும் இந்தக் கிழத்தோட நினைவகத்தைத் தின்னுட்டிருந்துச்சு. உன் கணக்கு பாதியில நிக்குறது அதனாலதான். சொன்னா நீ தொட விடமாட்ட. நேத்து வேற அழுத. அதான் காலையில வந்து எல்லாத்தையும் எடுத்துட்டு, தூங்காம வச்சு, ஓட விட்டுட்டுப் போனேன்."

"எ... எதை ஓட விட்ட?"

"உன்னோடதைத்தான்."

"அப்ப... உன்னோடது?"

"அது போன வாரமே முடிஞ்சு மேடம்கிட்ட இருக்கு. எதிர்ல ஆளே இல்லாம ஓடி, நான் முதல்ல வந்தேன்னு சொல்லிக்கணுமா?"