அட்டைமேல் எழுதியது

குருபரப்பள்ளி மெடிக்கல் கடையின் கண்ணாடி மேசைமேல் மதிய வெயில் சாய்ந்து விழுகிறது. நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் மாத்திரைப் பட்டைகள் அதிர்கின்றன. முனிரத்னா மடியிலிருந்து ஒரு களிம்பின் அட்டைப்பெட்டியை எடுத்துக் கடைப்பெண் ஹரிணியின் முன் வைக்கிறாள். “தேதி பாத்துச் சொல்லு கண்ணு, இன்னும் நல்லாருக்குதா?” பதினாறு வருடம் சாலையோரம் இளநீர் வெட்டியதில் கன்னமெல்லாம் கருந்திட்டு, முப்பத்தெட்டு வயதிலேயே கண்ணோரம் கோடு விழுந்துவிட்டது. அதற்குத் தோல் டாக்டர் எழுதிக்கொடுத்த வைட்டமின் ஏ களிம்பு. இரவில் பட்டாணி அளவு தடவினால் முதலில் எரியும், தோல் உரியும். மாதக்கணக்கில் பொறுத்தால் அடியிலிருந்து புதுத்தோல் வரும். வந்துகொண்டுதான் இருந்தது. சித்திரையில், கல்யாணமாகிப் பதினேழாம் வருடம், நாள் தள்ளிப்போனது. வயிற்றில் பிள்ளை இருந்தால் இது ஆகாது என்று டாக்டர் நிறுத்தச் சொன்னார். ஹரிணிதான் சிரித்துக்கொண்டே அட்டைமேல் பேனாவால் எழுதிக்கொடுத்தாள். இப்போது அதே எழுத்தை அவள் படிக்கிறாள்: ‘குழந்தை பிறந்த பிறகு.’ ஹரிணியின் பார்வை தன் வயிற்றுக்கு இறங்கி மீள்வதை முனிரத்னா பார்த்துக்கொண்டே நிற்கிறாள். “போன மாசம் கலைஞ்சிருச்சு கண்ணு. தோல் டாக்டரு இனிமே போட்டுக்கலாம்னுட்டாரு.” ஹரிணி அட்டையைத் திருப்புகிறாள். தேதியைத் தேடுகிறாள், கண்டும் தேடுகிறாள். “அடுத்த சித்திரை வரைக்கும் இருக்குதுங்க்கா,” என்கிறாள். பிறகு இந்தக் களிம்பு வாங்குகிற எல்லாரிடமும் சொல்வதையே சொல்கிறாள். “வெயில்ல மட்டும் நிக்காதீங்க.” முனிரத்னா அட்டையை வாங்கி, எழுத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்துப் பார்க்கிறாள். அழியவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு, சாலையைக் கடந்து இளநீர்க் குவியலுக்குப் பக்கத்தில், வெயிலில் போய் நிற்கிறாள்.