சமாதானச் சோறு

"வஹாபு, அந்த உப்பு டப்பாவ இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு அந்த ஆள."

பகலவன் சொன்னது அப்துல் வஹாபிடம். டப்பா இருந்ததோ லூயிஸின் முழங்காலுக்குப் பக்கத்தில். பகலவன் கையை நீட்டினாலே எட்டும்.

"நேரா அவனையே கேளேன்டா. உனக்கு வாய் இல்லியா?" என்றார் வஹாப்.

"கண்டவன்கிட்டல்லாம் நான் பேசுறதில்ல."

"நானும் கண்டவனுக்கு உப்பு குடுக்கறதில்லன்னு சொல்லு வஹாபு" என்றார் லூயிஸ்.

வஹாபே எழுந்து எடுத்துக் கொடுத்தார். அறுபத்து மூன்று வயதில் இந்த இரண்டு கழுதைகளுக்கு நடுவே தூது போகிற பிழைப்பாகிவிட்டதே என்று எரிச்சலாக வந்தது.

மூவருக்கும் முப்பது வருஷப் பழக்கம். வஹாப் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். லூயிஸ் காசிமேட்டில் படகு இன்ஜின் மெக்கானிக். பகலவன் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். சேர்த்து வைத்தது ராயபுரத்தில் ஒரு கேரம் கிளப். பிரித்ததும் அதே கேரம் போர்டுதான். ஆடி மாசத்தில் ஒரு நாள், ரெட் காயைப் போட்ட லூயிஸ் அதையடுத்து ஃபாலோ காய் போட்டாரா இல்லையா என்று ஆரம்பித்தது. கிளப்பே வேடிக்கை பார்க்க, "இனிமே உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்பதில் போய் முடிந்தது.

வஹாபுக்கு மனசு கேட்கவில்லை. மனைவி ஷம்ஷாத் தவறி அப்போது நாலு மாசம்தான் ஆகியிருந்தது. மகள் நவ்ரீன் கல்யாணமாகி ஆம்பூரில் இருக்கிறாள். தனக்கென்று மிச்சமிருப்பது இந்த இரண்டு பேர். இவர்களும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டால் எப்படி? வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்கு வாங்கடா என்று தனித்தனியாகக் கூப்பிட்டார். "அவன் வந்தா நான் வரல" என்று இருவரும் முறுக்கிக்கொண்டார்கள். கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்தார். வந்தார்கள், சாப்பிட்டார்கள், பேசாமல் போனார்கள். முதல் வாரம் பருப்பு அடிப்பிடித்திருந்தது. அதற்கும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வஹாபும் விடுகிற ஆளில்லை. வாரா வாரம் நவ்ரீனிடம் போனில் கேட்டுக் கேட்டுச் சமைத்தார். ஐப்பசி பிறந்து மழையும் பிடித்துக்கொண்டது. இது பன்னிரண்டாவது வெள்ளி.

இன்றைக்கு எப்படியும் பேச வைத்துவிடுவது என்று பரணிலிருந்து சஹன் தட்டை இறக்கியிருந்தார். கல்யாண வீட்டில் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற பெரிய தட்டு. நடுவில் சோற்றைக் கொட்டி, பருப்பை ஊற்றி, நெத்திலி வறுவலை மேலே பரப்பினார். ஒரே தட்டில் கை வைத்த பிறகு எவனால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ள முடியும்?

அவர்களால் முடிந்தது. பகலவன் சோற்றின் குறுக்கே விரலால் ஒரு கோடு கிழித்தார்.

"இத்தத் தாண்டி அந்தக் கை வரக் கூடாதுன்னு சொல்லிடு வஹாபு."

"அவன் பக்கம் நெத்திலி ஜாஸ்தியா கீது. அத்தயும் சேத்து சொல்லு."

"நீங்கல்லாம் மனுசனுங்களாடா?" வஹாப் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே போட்டார். "நாளைக்கு நானும் போய்ச் சேந்துட்டா, என் மய்யத்துக்கு வந்தாவது பேசிக்குவீங்களா?"

லூயிஸ் ஒரு கைப்பிடிச் சோற்றை வஹாப் பக்கம் தள்ளி, "துன்னு, ஆறிப்போவுது" என்றார். பகலவன் தன் பக்கத்து நெத்திலியில் நாலை அள்ளி அதன்மேல் வைத்தார். அப்போதும் ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

எட்டு மணிக்கு முதலில் லூயிஸ் கிளம்பினார். ஐந்து நிமிஷம் கழித்துப் பகலவன். சேர்ந்து படி இறங்கினால்கூடக் கௌரவம் குறைந்துவிடும் போல. இவர்களை இந்த ஜென்மத்தில் சேர்த்து வைக்க முடியாது என்று நினைத்தபடியே வஹாப் தட்டைக் கழுவினார்.

சோவென்று மழை பிடித்தது. பகலவன் இன்னும் ஸ்கூட்டரை எடுத்திருக்க மாட்டார், மழை விட்டதும் போகச் சொல்லலாம். வஹாப் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். பாதிப் படியில் கால் நின்றது. கீழே வண்டி விடும் இடத்தில் பேச்சுக் குரல்.

"இன்னிக்கு நல்லா துன்னான், பாத்தியா?" என்றது லூயிஸின் குரல்.

"பாத்துகினுதான இருந்தேன். டீயும் பன்னுமா கெடந்து எலும்பும் தோலுமா ஆயிருந்தவன்டா அவன்" என்றது பகலவனின் குரல்.

"மய்யத்து அது இதுன்னு பேசுறான். எனக்கு பேஜாராப் போச்சு. பேசித் தொலச்சிடலாமா?"

"பேசிட்டா அடுத்த வெள்ளிக்கு யாருக்காவ சோறு வடிப்பான்? சண்ட போடலாம்னு ஐடியா குடுத்தவனே நீதான். இப்ப நீயே கவுத்துடாத. ஏறு, உன்ன வூட்ல வுட்டுட்டுப் போறேன்."

வஹாப் குடையோடு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் முட்டியது, சிரிப்பும் வந்தது. பிறகு சத்தமில்லாமல் மேலே ஏறிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு லூயிஸுக்குப் போன் போட்டார்.

"அடுத்த வெள்ளியும் கட்டாயம் வந்துடுடா லூயிஸு. பகலவன் கொஞ்சம் எறங்கி வர்ற மாதிரி தெரியுது, இன்னும் நாலஞ்சு மாசம் சோறு போட்டா பேசிடுவான்."