வட்டி வராத கணக்கு

வெள்ள நிவாரணத்தை வருமான வரி ரிட்டர்னில் காட்ட வேண்டுமா என்று இசக்கியப்பன் அண்ணாச்சி கேட்டபோது விஜிலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஜூலை பிறந்ததிலிருந்து மில்லர்புரத்தில் அவளுடைய ஆபீஸ் படியேறுகிற பாதிப் பேர் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். டிசம்பர் மழையில் ஊரே மிதந்தபோது ரேஷன் கடையில் கார்டுக்கு ஆறாயிரம் கொடுத்தார்கள். வாங்கும்போது யாரும் எதையும் யோசிக்கவில்லை. வரிக்கணக்குப் போடுகிற மாதம் வந்ததும் எல்லோருக்கும் சந்தேகம் வந்துவிட்டது.

அண்ணாச்சிக்கு ஏரலில் கருப்பட்டி மண்டி. வருடத்துக்கு ஒருமுறை பஸ் ஏறி வந்து, கணக்குகளை அவளிடம் ஒப்படைத்து, ஒரு காப்பி குடித்துவிட்டுப் போவார். அதற்கு மேல் அவரைப் பற்றி அவளுக்கு அதிகம் தெரியாது. ஒரு பைசாவை மறைக்கத் தெரியாத மனிதர் என்பது மட்டும் தெரியும்.

மண்டி என்ன ஆயிற்று என்று விசாரித்தாள்.

ஆறு உள்ளே வந்துவிட்டது என்றார். சிப்பம் சிப்பமாக அடுக்கி வைத்திருந்த கருப்பட்டி மொத்தமும் கரைந்து தண்ணீரோடு போய்விட்டதாம். யாரோ ஒருவருடைய கடையைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

விஜிலா விளக்கினாள். பேரிடரில் அடிபட்டவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற பணத்துக்கு வரி கிடையாது. யாரும் வந்து கேட்கப்போவதில்லை.

இந்த வருடம் கேட்காமல் வருகிற வருடம் கேட்டால் என்ன செய்வது என்றார் அவர். பாங்கில் போட்டது ஏப்ரலில்தானாம், அது அடுத்த வருடக் கணக்கில்தானே வரும்.

அப்போதும் கேட்க மாட்டார்கள் என்றாள்.

அவர் எழுந்திருக்கவில்லை. முன்னால் இருந்த காப்பியில் ஆடை படிந்துவிட்டது. பணத்தைத் தொடவே இல்லை, அப்படியே கிடக்கிறது என்றார்.

வாசல் பெஞ்சில் வேறு ஆட்கள் காத்திருந்தார்கள். விஜிலா தன் ஆறாயிரத்துக்கு மெத்தை வாங்கிய கதையைச் சொன்னாள். பழைய மெத்தை ஒரு வாரம் தண்ணீர் குடித்து, நாலு பேர் சேர்ந்து தூக்கியும் நகரவில்லை.

"நீங்க எதுக்கு அண்ணாச்சி சும்மா போட்டு வச்சிருக்கிய? மதினிக்கு ஒரு நல்ல சேல எடுத்துக் குடுங்க."

அவர் ஆறிப்போன காப்பியை ஓரமாக நகர்த்தினார்.

எல்லோரிடமும் கடைசியாகச் சொல்கிற ஒன்றை இவரிடம் இன்னும் சொல்லவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. நிவாரணத்துக்குத்தான் வரி இல்லை. சேமிப்புக் கணக்கில் கிடந்து அது வட்டி ஈட்டினால், அந்த வட்டி வருமானம். வருகிற வருட ரிட்டர்னில் அதைக் காட்டியாக வேண்டும். ஆறாயிரத்துக்கு என்ன பெரிய வட்டி வந்துவிடும், ஏரலுக்கு நாலு தடவை பஸ்ஸில் போய்வரக்கூடக் காணாது என்று அவளே சொல்லிச் சிரிக்கவும் செய்தாள்.

அவர் முகம் மாறிவிட்டது.

"அதுக்கு வட்டி வேற போடுதானா?"

போடத்தானே செய்வார்கள் என்றாள். பணத்தை எடுக்கிறவரை வருடா வருடம் வந்துகொண்டுதான் இருக்கும்.

அவர் மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இந்த மனிதர் எதற்கு இவ்வளவு பயப்படுகிறார் என்று விஜிலாவுக்கு விளங்கவில்லை. கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, பாங்கில் இருப்பது ஆறாயிரம்தானே என்று கேட்டாள்.

"அஞ்சு லட்சம்."

விஜிலாவின் விரல்கள் அப்படியே நின்றன.

கடை போனவர்களுக்கு யாரும் ஐந்து லட்சம் கொடுக்கவில்லை. வீடு இடிந்தவர்களுக்கும் கொடுக்கவில்லை. அந்த வெள்ளத்தில் உயிர் போன வீட்டுக்குத்தான் ஐந்து லட்சம்.

"ஏணியில எனக்குப் பின்னாலதான் ஏறுனா," என்றார் அண்ணாச்சி. "திரும்பிப் பாத்தா ஒம் மதினி வடிவம்மா இல்ல."

பெஞ்சில் இருந்த ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார். விஜிலா அவரைக் கையமர்த்தினாள்.

"வரி கேட்டா கட்டிருவேம்மா. அவ போனதுக்குத் தந்த ரூவா. அதுல வருசா வருசம் வட்டி வாங்கி, எனக்கு வந்த வருமானம்னு நானே கையெழுத்துப் போடணுமா?"

வரிச்சலுகை, வைப்பு நிதி, எங்கே போட்டால் எவ்வளவு கூடும் என்று இத்தனை காலமும் அவள் பேசியதெல்லாம் பணம் வளர்கிற பேச்சு. கீபோர்டைத் தள்ளி வைத்தாள். நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

பாங்குக்குப் போய்த் தனியாக ஒரு கரண்ட் அக்கவுண்ட் ஆரம்பிக்கச் சொன்னாள். அங்கே உள்ளவர்கள் நல்ல எண்ணத்தில் வேறு என்னென்னவோ சொல்வார்கள். கேட்க வேண்டாம். மாற்றுகிறவரை வந்த வட்டியைக் கோயிலிலோ பள்ளிக்கூடத்திலோ கொடுத்துவிடலாம். ரிட்டர்னில் அந்த ஒரே ஒரு தடவை காட்ட வேண்டி வரும். அதை அவளே எழுதிவிடுவாள், அவர் பார்க்கக்கூட வேண்டாம்.

"அதுல மட்டும் வட்டி வராதா?"

"வராது அண்ணாச்சி. போட்டது போட்டபடியே கெடக்கும்."

படியேறி வந்ததிலிருந்து முதல்முறையாக அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.