பச்சை மரங்கள் நிற்கும் படம்

இருந்தவர்கள்: எட்டாம் வகுப்புப் பிள்ளைகள், டெய்சி டீச்சர், கையில் மாவுக்கட்டோடு அவர் தம்பி பிரான்சிஸ், பின் பெஞ்சில் பெற்றோர் சங்கத் தலைவர் கலியபெருமாள்.

சுவரில் ஒரு வாட்ஸ்அப் செய்தி பெரிதாக ஒளிர்கிறது. ‘பிள்ளை பிடிப்பவன் நம்ம ஊர் ரோட்டில் நிற்கிறான். எல்லோருக்கும் அனுப்பவும்.’ கீழே சாலையோரம் நிற்கும் ஒருவனின் மங்கலான படம். அதில் நிற்பது பிரான்சிஸ்தான் என்று சொல்லித்தான் போன வாரம் ஊரார் அவனை அடித்தார்கள். ஊர் குரூப்பில் அதைப் போட்டவர் கலியபெருமாள். அவரை இன்று வகுப்புக்கு அழைத்தவர் டீச்சர். ஜன்னலுக்கு வெளியே சிமென்ட் லாரிகள் போகின்றன, கம்பிகள் அதிர்கின்றன. “செய்தி வந்தா மொதல்ல என்ன கேக்கணும்?” “எங்க எடுத்த படம்னு கேக்கணும் டீச்சர்!” டீச்சரின் குரலில் அவசரமே இல்லை. “முத்தமிழ், நீ சொல்லு.” முத்தமிழ் கலியபெருமாளின் மகள். படத்தைப் பார்க்கிறாள், பிறகு ஜன்னலைப் பார்க்கிறாள். “மரமெல்லாம் பச்சையா இருக்கு டீச்சர். நம்ம ரோட்டு மரம் சிமென்ட் தூசில சாம்பலாத்தானே நிக்கும். இது நம்மூரே இல்ல.” “நம்மூரு எலைய எங்க வூட்டு ஆடே மோந்து பாக்காது” என்கிறான் ஒருவன். வகுப்பு சிரிக்கிறது. பிரான்சிஸ் சிரிக்கவில்லை. “அப்ப இத அனுப்புனவரு?” என்று கேட்கிறார் டீச்சர். முத்தமிழ் அப்பாவைத் திரும்பிப் பார்க்கிறாள். “பாக்காமயே அனுப்பிருக்காரு.” கலியபெருமாளின் கழுத்து நரம்பு புடைக்கிறது. “எம்புள்ளைய வச்சே பழி தீக்குறீங்களா டீச்சர்?” “ஆமாங்க. உக்காருங்க, பாடம் முடியல.” அவர் துண்டை உதறி எழுகிறார். “வா பாப்பா, வூட்டுக்குப் போவலாம்.” “நீங்க போங்கப்பா.” அவர் படியிறங்கும் செருப்புச் சத்தம் கேட்கிறது. முத்தமிழ் தானே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுகிறாள்.