நிறைந்த அரங்கில் தவளைக் கச்சேரி

காட்டுச் சபாவின் செயலாளர் குரங்கு, அந்த வருட நிகழ்ச்சிகள் எல்லாவற்றையும் இணையதளத்தில் மொத்தமாக ஏற்ற உட்கார்ந்தது.

"ஐயா, முதலில் ஒன்றை மட்டும் ஏற்றிப் பார்க்கலாமே. எது எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று தெரிந்துவிடும்" என்றது முன்பதிவுப் பக்கம்.

"எனக்குச் சொல்லித் தருகிறாயா?" என்று குரங்கு பட்டனைத் தட்டிவிட்டு எழுந்து போய்விட்டது.

சாயங்காலத்துக்குள் தவளையின் கச்சேரிக்கு எல்லா இருக்கைகளும் பதிவாகிவிட்டன. இதுவரை காலி நாற்காலிகளுக்கே பாடிவந்த தவளைக்குக் கண் கலங்கியது.

கச்சேரியன்று புதுப் பட்டு அங்கவஸ்திரத்தோடு வந்து, திரையை விலக்கி எட்டிப் பார்த்தது. முன்வரிசை முதல் கடைசி வரிசை வரை பாம்புகள்.

"செயலாளரே, இவர்கள் ஏன் நாக்கை நீட்டிக்கொண்டே இருக்கிறார்கள்?"

குரங்கு அப்போதுதான் பக்கத்தைத் திறந்து பார்த்தது. பாடகர் பெயர் ஒரு கட்டம் தள்ளி விழுந்திருந்தது. 'இடைவேளைச் சிற்றுண்டி: தவளை' என்று இருந்தது.

"ஐயையோ, தப்பு நடந்துவிட்டது! பின்வாசல் வழியாக ஓடிவிடு!"

தவளை இன்னொரு முறை எட்டிப் பார்த்தது. ஒரு நாற்காலிகூடக் காலியில்லை.

"இடைவேளைக்குத்தானே சிற்றுண்டி? அதற்கு முன்னால் நாலு பாட்டுப் பாடிவிடலாம்" என்று தொண்டையைச் செருமிக்கொண்டு மேடையேறியது.