பழைய விக்கல்

திருகோணமலையில் யப்பான்காரன் குண்டு போட்ட வருஷம், பண்டத்தரிப்பு மயில்வாகனத்தார், காலமான தமையன் விட்டுப்போன நெல்லு மில்லின் டீசல் எஞ்சினைக் கழற்றிப் புதுப் பிஸ்டன் போட்டார். திரும்பப் பூட்டிய பிறகு அது ஓட மறுத்தது. எண்ணெய்க் குழாயில் அடைத்திருந்த காற்றை எடுத்துவிட்டு, சக்கரத்தைச் சுழற்றிச் சுழற்றிக் கை ஓய்ந்துபோனார். ஓடாவிட்டால் மில்லை விற்க வேண்டியதுதான்.

அப்போது அயலில் இருக்கும் தெய்வானை நெல் நிறைந்த ஓலைக் கடகத்தோடு வந்தாள்.

"எஞ்சின் ஓடேல்லையே, பிள்ளை."

"ஓடுதெண்டுதானே வந்தனான், அண்ணை! பெரியண்ணை இருக்கேக்கை விக்கி விக்கி ஓடுமே, அதே சத்தம். சந்தியடியிலை கேக்குது."

அவர் சந்திக்கு நடந்தார். கேட்டது. தமையன் காலத்து விக்கல் மாறாமல், தன் மில்லிலிருந்தே வந்தது. கண் கலங்க, அது ஓயும்வரை கேட்டுக்கொண்டு நின்றார்.

திரும்பி வந்தபோது சக்கரம் அசையாமல் நின்றது. தெய்வானை குத்திய சூடு ஆறாத அரிசியைக் கடகத்தில் அள்ளிக்கொண்டிருந்தாள்.